எங்கள் பலகையின் வெள்ளை

ரோபோட்டிக்ஸ் மன்றத்துக்கு உங்கள் இரண்டு பேரையும் பொறுப்பாசிரியர்களாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். தலைமையாசிரியர் அறைப் பக்கம் தப்பான நேரத்தில் நடந்து போயிருக்கிறீர்கள், வேறு காரணம் எதுவும் இருக்காது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தபோது சாக்பீஸ் டப்பா கேட்கப் போனேன். "மேடம், நீங்க பிசிக்ஸ்தானே? ரோபோவும் பிசிக்ஸ்தானே?" என்றார் சார். வீட்டில் மிக்ஸி நின்றால் கடைக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பசங்க பாத்துக்குவாங்க, நீங்க கூட நின்னா போதும்" என்றார். கூட நிற்பது என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், ஊக்கம் தருவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னீர்கள். மோட்டார், சக்கரம், ஒயர் எல்லாம் போனில் பார்த்தால் வந்துவிடும், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். ஊக்கம் வருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்றத்தின் ரோபோ கிட் நமக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் தொழிற்சாலை கொடுத்தது. பெயர் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் தெரிகிற ஒன்றுதான். கொடுத்த அன்று மூன்று மணி நேரம் விழா. பெட்டியைத் திறக்கக் கூடாது, போட்டோ எடுத்த பிறகுதான் திறக்க வேண்டும் என்றார்கள். போட்டோக்காரர் வர நான்கு நாள் ஆனது. அதுவரை அறிவியல் வளர்ச்சி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒரு வருஷத்துக்குள் மாணவர்கள் ஏதாவது போட்டியில் கலந்துகொண்டு உருப்படியாக எதையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிட் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

குழுவில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவனுக்குப் போட்டியன்று காலை காய்ச்சல் வந்து மறுநாள் காலை சரியாகிவிட்டது, ஆகவே அவனை விட்டுவிடலாம். மற்ற இருவர் பதினோராம் வகுப்பு. எபினேசர் எண்ணூர்ப் பையன், சால்டரிங் கம்பியைப் பேனா மாதிரி பிடிப்பான், வாய் மட்டும் மூடாது. ஷமீமாதான் தலைவி. அவள் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறார். மோட்டாரைக் காதருகில் சுற்றிக் கேட்டே உள்ளே அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். புரோகிராம் எழுதியதும் அவள்தான்.

போட்டி நடத்துவது தென்பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. கோப்பை, பணம் எல்லாம் உண்டு. அதோடு, நடுவர்களின் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும் பத்துப் பேருக்குக் கோடை விடுமுறையில் அங்கேயே தங்கிப் பத்து நாள் பயிற்சி. நிஜ இயந்திரங்கள், நிஜ ஆய்வகம். வெளியில் தங்குவது என்றதும் ஷமீமா வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள்.

"கப்ப நீங்க வெச்சிக்கங்க மிஸ், ஷோகேஸ்ல நல்லா இருக்கும். எனக்கு அந்தப் பத்து நாளு போதும்" என்றாள்.

பந்தயம் எளிமையானது. வெள்ளைப் பலகையில் வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோட்டை, ஆள் கை படாமல், உள்ளங்கை அளவு வண்டி தானே தொடர்ந்து போக வேண்டும். வண்டியின் வயிற்றுக்குக் கீழே, தனக்கென்று ஒரு சின்ன விளக்கோடு, சென்சார் இருக்கும். கீழே எவ்வளவு வெளுப்பு என்பதை அது எண்ணாகச் சொல்லும். இந்த எண்ணுக்கு மேலே போனால் வெள்ளை, கீழே வந்தால் கறுப்பு என்று ஓர் எல்லையை நாம் எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் மூளை. சில கமிட்டிக் கூட்டங்களில் அவ்வளவுகூட நான் பார்த்ததில்லை.

நம் லேப் மாடியில் இருக்கிறது. கிழக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. ஜன்னலுக்கு அந்தப்புறம் தொழிற்சாலையின் நிலக்கரிக் குவியல், அதற்கும் அந்தப்புறம் கடல். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பும். பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும். விம்கோ நகரைத் தாண்டி இந்தப் பக்கம் வேலை செய்கிற யாரும் பெஞ்சில் உட்காருவதற்கு முன் ஒருமுறை கையால் துடைக்காமல் உட்கார மாட்டோம். தட்டு வைத்தால் கவிழ்த்துத்தான் வைப்போம். யூனிபார்ம் முன்பு வெள்ளையாக இருந்தது. சார் அதைக் காப்பி நிறமாக மாற்றி, "மாடர்னா இருக்கும்" என்று சுற்றறிக்கை அனுப்பினார். மாடர்ன் ஆவதற்கு எத்தனையோ வழி.

கிட்டோடு வந்த பெரிய வெள்ளைப் பலகையில் கறுப்பு டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஆரம்பத்தில் தினமும் ஈரத் துணியால் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க டேப்பின் ஓரம் பிரிந்து வந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே போர்டை யாரும் துடைக்கக் கூடாது, டேப் பிஞ்சிடும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். கூட நிற்கும் வேலையை அப்படித்தான் செய்தேன்.

தினமும் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி. வண்டி அழகாக ஓடியது. ஷமீமா எல்லை எண்ணைப் பத்து முறை மாற்றிப் பார்த்து, கடைசியில் கச்சிதமாக ஒன்றைப் பிடித்தாள். வளைவில் ஒரு நூலிழை பிசகாது. சார் வந்து பார்த்துவிட்டு ஷோகேஸில் இடம் ஒதுக்கச் சொன்னார்.

போட்டியன்று காலை ஆறரைக்கே வேனில் கிளம்பினோம். கன்டெய்னர் லாரி வரிசை ஒன்று எங்களுக்கு முன்னால் கிளம்பியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது ஒத்திகை நேரம் முடிந்துவிட்டது. அங்கிருந்த தொண்டர் ஒருவர் லேப்டாப்பை வாங்கி அலமாரியில் பூட்டினார். இனிமேல் புரோகிராமில் கை வைக்கக் கூடாது, வண்டியில் கையால் செய்கிற மாற்றம் மட்டும் செய்யலாம். ஆளுக்கு இரண்டு ஓட்டம், நல்லது எதுவோ அது கணக்கில் சேரும். ஆசிரியர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும்.

குளிர்சாதன அரங்கம். மேலே வரிசையாக விளக்குகள். நடுவர் மேசையில் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், அவருக்குப் பக்கத்தில் நம் தொழிற்சாலையின் சமூகநலப் பிரிவு அதிகாரி. போட்டிக்கும் அவர்கள்தான் ஆதரவாம். அவரைப் பார்த்ததும் சார் வணக்கம் வைத்தார். அவர் திரும்ப வைக்கும்வரை கையை இறக்கவில்லை.

முதல் ஓட்டம். ஷமீமா வண்டியைக் கோட்டின்மேல் வைத்து விட்டாள். கோடு இடது பக்கம் வளைந்தது, வண்டி வளையவில்லை. கோடு என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி நேராகப் போய், பலகையிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, அதிகாரியின் ஷூவில் முட்டி நின்றது. அரங்கமே சிரித்தது. அதிகாரியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். சார் மட்டும் என்னைப் பார்த்தார்.

அடுத்த ஓட்டத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்திய அனுபவம் முழுவதையும் திரட்டிக்கொண்டு கயிற்றுக்கு வெளியிலிருந்து கத்தினேன்: "பேட்டரி! பேட்டரியை மாத்துங்க!"

மாற்றினார்கள். பேட்டரியில் ஒன்றும் இல்லை. "அப்ப ஒயர் லூசா இருக்கும்" என்றேன். எபினேசர் ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தான். அதிலும் ஒன்றுமில்லை. இதில் எட்டு நிமிஷம் போயிற்று. ஒன்று கவனித்திருக்கிறேன், அவசரத்தில் முதலில் வாயில் வருகிற காரணம் பெரும்பாலும் பேட்டரியாகத்தான் இருக்கும். தப்பாக இருந்தால் நம் மேல் பழி வராத காரணம் அது.

நான் சொல்வதற்குக் காது கொடுப்பதை ஷமீமா நிறுத்திவிட்டாள். ஒத்திகைக்காக ஓரத்தில் போட்டிருந்த பலகைக்கு முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் நாமெல்லாம் பெஞ்சில் செய்கிறதைச் செய்தாள். கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு விரல்களைத் திருப்பி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எபி, இங்க வா. வெரல்ல ஒண்ணியும் ஒட்டல பாரு."

"நல்லதுதான? க்ளீனா கீது."

"லூசு, அதான்டா மேட்டரு. நம்ப போர்டு வெள்ளயே இல்லடா. சாங்காலம் கரி ஏறி சாம்பலா கீது. மிஸ் வேற தொடைக்கக் கூடாதுன்ட்டாங்க. அந்தச் சாம்பலத்தான் நான் வெள்ளன்னு வெச்சி நம்பர் போட்டுகினு கீறேன்."

அவள் சொன்னதை நான் கயிற்றுக்கு வெளியிலிருந்து கேட்டேன். கேட்டதும் புரிந்தது. நம் பலகையில் சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவில் எல்லை போட்டிருக்கிறாள். இங்கே ஒட்டியிருந்த கறுப்புத் தாள் வழவழப்பானது, அத்தனை விளக்குக்கும் கீழே பளபளத்தது. இவர்களுடைய கறுப்பு எங்களுடைய வெள்ளையைவிட வெளுப்பு. வண்டிக்குக் கோடு எப்படித் தெரியும்? அதைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் நடந்துகொண்டது.

எண்ணை மாற்ற முடியாது, லேப்டாப் பூட்டில் இருக்கிறது. "அப்ப லைட்ட உள்ள வுடக் கூடாது" என்றாள் ஷமீமா. எபினேசர் கறுப்புக் கேன்வாஸ் ஷூவைக் கழற்றினான். அதன் நாக்கைக் கத்தரித்துச் சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினான், தரையை உரசாத அளவுக்கு. மேல் விளக்கின் வெளிச்சம் உள்ளே புகாததால் வழவழத்த கறுப்பு மறுபடி கறுப்பானது. இரண்டாவது ஓட்டத்தில் வண்டி மெதுவாக, கொஞ்சம் நொண்டிக்கொண்டு, ஆனால் ஒரு வளைவு விடாமல் கோட்டைத் தொடர்ந்து முடித்தது. ஒற்றை ஷூவோடு எபினேசர் குதித்தான். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் ஊக்கம் தரும் கட்டுரையாகியிருக்கும். இதற்குப் பிறகுதான் நேர்காணல். ஆசிரியர்கள் பக்கத்தில் நிற்கலாம், பேச வேண்டியதில்லை என்றார்கள்.

பேராசிரியை நல்ல மாதிரி. எங்கள் புரோகிராம் தாளைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஷமீமாவிடம் கேட்டார்: "முதல் ஓட்டம் ஏன் தப்பாச்சு? உங்க எல்லை எண் ரொம்பக் கீழே இருக்கே. வெள்ளை போர்டுல வெச்சுப் பாக்கவே இல்லையா?"

"பாத்தோம் மேடம். டெய்லி பாத்தோம். எங்க போர்டு வெள்ளதான் மேடம், ஆனா சாங்காலம் ஆச்சின்னா..."

சார் இருமினார். அந்த இருமல் உங்களுக்கும் ஒரு நாள் பழக்கமாகும். மேசைக்கு அந்தப்புறம் அதிகாரி நிமிர்ந்தார். கோபமெல்லாம் இல்லை, வெறுமனே நிமிர்ந்தார். எனக்குக் கிட் ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் சேரப்போகும் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். நம் பயத்துக்கு அடுத்தவர் நன்மையைச் சட்டையாகப் போட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"லைட்டிங் வித்தியாசம், மேடம்" என்றேன் நான். "எங்க லேப்ல வெளிச்சம் கொஞ்சம் கம்மி."

ஷமீமா என் பக்கம் திரும்பினாள். வாய் பாதி திறந்தபடியே இருந்தது. பேராசிரியை ஒரு வரி எழுதினார். அதிகாரி முகம் மலர்ந்து, "அதுக்கென்ன, நாங்க டியூப் லைட் போட்டுத் தர்றோம்" என்றார். சார் நன்றி சொன்னார். நடுவர்கள் அடுத்த குழுவைக் கூப்பிட்டார்கள். எல்லாமாகச் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

மாலையில் பத்துப் பெயர்களை வாசித்தார்கள். ஷமீமா பெயர் வரவில்லை. பத்தாவது பெயருக்குப் பிறகும் அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பங்கேற்புக் கேடயம் கிடைத்தது. வெளியே வரும்போது பேராசிரியை என்னிடம் தனியாகச் சொன்னார்: "உங்க பொண்ணுக்குக் கைவேலை பிரமாதம். ஆனா தப்பு எங்கேன்னு தேடிக் கண்டுபிடிக்கிற பசங்களைத்தான் இந்தத் தடவை எடுத்தோம். லைட்டிங்னு எல்லாருமே சொல்லிட்டுப் போறாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் நின்றார், நேரம் இருந்தது, அதிகாரிகூடக் கிளம்பிப் போயிருந்தார். சார் மட்டும் கேடயத்தோடு பக்கத்தில் நின்றார். நான் "ஆமாம் மேடம்" என்றேன்.

வேனில் எபினேசர் நாக்கில்லாத ஷூவின் லேஸைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கிட் போகாது, அடுத்த வருஷமும் நம்மகிட்டதான் இருக்கும்" என்றேன். தண்டையார்பேட்டையில் இறங்கும்போது ஷமீமா பையை மாட்டிக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொன்னத அவங்க எழுதிகினாங்க மிஸ். நான் கண்டுபுடிச்சத யாரும் எழுதல."

குரலை உயர்த்தவில்லை. போயிட்டு வரேன் மிஸ் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு மாதத்தில் ஆறு டியூப் லைட் வந்தது, விழாவோடு. இப்போது கரி படிவது தெளிவாகத் தெரிகிறது.

ஷமீமா வருவதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒரு புது நோட்டோடு வந்தாள். காலை எட்டு மணிக்குப் பலகையைத் துடைத்துவிட்டுச் சென்சாரை வைத்து எண்ணை எழுதுவாள். மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் வைத்து மறுபடி எழுதுவாள். டேப் பிரிந்தால் திரும்ப ஒட்டினாள். பத்து நாள் எழுதி முடித்து, அட்டவணையின் கடைசிப் பத்தியில் 'காரணம்' என்று தலைப்புப் போட்டு, பத்து வரியிலும் 'கிழக்குப் பக்கத்து நிலக்கரித் தூள்' என்று எழுதி, என் மேசையில் வைத்தாள்.

"சைன் போடுங்க மிஸ்."

மன்றத்தின் வேலையெல்லாம் வருஷ அறிக்கையாகத் தொழிற்சாலைக்குப் போகும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'வெளிச்சக் குறைவு' என்று மாற்றி எழுதிக்கொண்டு வா என்று சொல்லவும் வாய் வந்தது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். போட்டேன். தேதியும் போட்டேன்.

சார் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடலாமே மேடம்" என்றார். ரெக்கார்டு நோட்டில் பக்கம் கிழிந்தால் பிராக்டிகலுக்குச் செல்லாது என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாததால் அறிக்கை அப்படியே போயிற்று.

தொழிற்சாலை உடனே நடவடிக்கை எடுத்தது. பலகையை மூடி வைக்க அருமையான வெள்ளைப் பிளாஸ்டிக் உறை ஒன்றை அனுப்பியது. நடுவில் அவர்களுடைய முத்திரை, கீழே 'தூய்மை நம் கடமை' என்ற வாசகம்.

ஷமீமா அதைப் பலகைக்குப் போடவில்லை. மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், முத்திரை மேலே தெரிகிற மாதிரி விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள். அன்றிலிருந்து மாலை நான்கு மணிக்கு அதன் வெள்ளையை அளந்தாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் போன பிறகு அடுத்த பிள்ளைகள் அளந்தார்கள். ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டேன். பேராசிரியைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கடைசி வரை எழுதவில்லை. அந்தப் பத்து நாளை அவளுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

நோட்டு இப்போது மூன்றாவது. லேப் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. நாளைக்கு நான்கு மணிக்கு ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து நிற்கும். சார் இருமுவார்.